செவென் மலைப்பாதைகள்: மந்தைகள் முதல் மலைமிதிவண்டி வரை

பிரான்சின் நடுப்பகுதியை நிறைத்து நிற்கும் மாசிஃப் சாந்த்ரால் என்னும் தொன்மையான மேட்டுநிலம், தென்கிழக்கே மத்தியதரைக் கடலோரச் சமவெளியை நோக்கிச் சடுதியில் இறங்கும் விளிம்புக்குச் செவென் என்று பெயர். அந்த விளிம்பின் வடக்கில் 1,699 மீட்டர் உயரமுள்ள மோன் லொசேர் கருங்கல் முதுகாகவும், தெற்கில் 1,567 மீட்டர் உயரமுள்ள எகுவால் காடடர்ந்த மலையாகவும் நிற்க, இரண்டுக்கும் இடையில் ஷிஸ்ட் எனப்படும், ஏடு ஏடாகப் பிளவுபடும் பாறையில் அறுக்கப்பட்ட குறுகிய பள்ளத்தாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மேற்கே கோஸ் என்று அழைக்கப்படும் சுண்ணாம்புப் பீடபூமிகள் மரமற்ற வெளியாக விரிகின்றன. வடக்கே மோர்வான் குன்றுகளில் உள்ள அவல்லோன் நகரில் தொடங்கிக் கடற்கரையிலுள்ள காப் தாக்த் வரை சுமார் 1,400 கிலோமீட்டர் நீளும் மலைமிதிவண்டி நெடுவழி, தன் பயணத்தின் கடினமான பகுதிகளில் ஒன்றை இம்மலைகளில்தான் கடக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் பருத்த டயர் கொண்ட வண்டிகளில் இங்கே வருவோர், இத்தடங்கள் தங்களுக்காகவே வளைத்து நெளித்து அமைக்கப்பட்டவை என்று எண்ணும் அளவுக்கு அவை மிதிவண்டிக்குப் பொருந்தி வருகின்றன. ஆனால் அவற்றில் எதுவும் விளையாட்டுக்காக வெட்டப்பட்டதன்று. ஆடு, கோவேறு கழுதை, பீரங்கி, பட்டுக்கூடு, வனத்துறை என ஒவ்வொன்றும் தன் தேவைக்கென அமைத்து, தேவை தீர்ந்ததும் கைவிட்டுச் சென்ற வழிகளின் தொகுப்பே இன்றைய மிதிவண்டித் தடம்.

இவ்வழிகளில் மிகப் பழையவை மந்தைகளுடையவை. கோடையில் கருகிவிடும் லாங்தோக் சமவெளியிலிருந்து ஆட்டு மந்தைகளை ஜூன் மாதத்தில் மலையுச்சிப் புல்வெளிகளுக்கு ஓட்டிச் சென்று, குளிர் தொடங்குமுன் திருப்பி இறக்கும் வழக்கம் இப்பகுதியில் வரலாற்று ஆவணங்கள் தோன்றும் முன்பிருந்தே நிலவியது. அந்த மந்தைவழிக்கு உள்ளூர் மொழியில் த்ராய் என்று பெயர். பள்ளத்தாக்கின் அடியில் பயிர் நிலங்கள் இருந்ததால் மந்தைகள் அங்கே நுழையக் கூடாது. எனவே த்ராய்கள் மலைமுதுகைப் பற்றிக்கொண்டு, ஒரு கணவாயிலிருந்து அடுத்த கணவாய்க்கு, ஏறக்குறைய நேர்கோட்டில் சென்றன. சாலைப் பொறியாளர் தவிர்க்கும் செங்குத்தான ஏற்றங்களை ஆடு பொருட்படுத்தாது என்பதால், இன்று மிதிவண்டியை விட்டு இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டிய இடம் வந்தால் அது பெரும்பாலும் த்ராயின் ஏற்றமாகவே இருக்கும். மோன் லொசேரின் மேல்வெளியில் மூடுபனியும் பனிப்புயலும் எந்த அடையாளத்தையும் மறைத்துவிடும் என்பதால், வழி தவறாதிருக்க மோன்ழுவா எனப்படும் கல்தூண்களை இடைவெளிவிட்டு நட்டு வைத்தனர். வழியோர நிலவுடைமையாளர்கள் தங்கள் வயலில் ஓரிரவு கிடை போடுவதற்காக மேய்ப்பர்களுக்குப் பணமோ தானியமோ கொடுத்தனர். மெலிந்த மலைமண்ணில் எரு கிடைப்பது அவ்வளவு அரிதாக இருந்ததால், மந்தை செல்லும் வழியை ஊருக்கு அருகில் திருப்புவதே ஒரு வருமான வாய்ப்பாக இருந்தது.

மோன் லொசேரின் தெற்குச் சரிவில் 12ஆம் நூற்றாண்டில் எருசலேமின் புனித யோவான் சபை வீரத்துறவிகளுக்குப் பெரும் மேய்ச்சல் நிலம் கிடைத்தது. பின்னாளில் மால்டா தீவில் ஆட்சி செய்த அதே சபைதான் அது. அவர்களது நில எல்லையைக் காட்டும் கருங்கற்களில் நுனி பிளந்த நான்கு கைகளைக் கொண்ட மால்டா சிலுவை செதுக்கப்பட்டிருக்கிறது. தனியாக நடப்பட்ட கல்லில் மட்டுமல்லாமல், பெயர்க்க இயலாத இயற்கைப் பாறையிலும் அக்குறி காணப்படுகிறது. புல்வெளியின் நடுவே பாசி படிந்த ஒரு பாறையில் முழங்கால் உயரத்தில் தெரியும் அந்தச் சிலுவையை வண்டியில் விரைவோர் தவறவிடுவது எளிது. அதே மலையின் சிற்றூர்களில் தேவாலயம் இல்லாமலே தனித்து நிற்கும் சிறு மணிக்கூண்டுகள் உண்டு. பனிப்புயல் அடிக்கும் வேளையில், வெளியே சிக்கிக்கொண்டவர் ஒலியைப் பற்றி ஊர் வந்து சேர வேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்டவை அவை. மணியடிப்பது ஊராரின் பொதுக்கடமையாக இருந்தது.

மந்தைவழிகளுக்கு அடுத்துச் சொல்ல வேண்டியது வணிகவழி. லெ புய் நகரிலிருந்து தெற்கே வில்ஃபோர், அலெஸ் ஊர்களின் வழியாகச் சேன் ழீல் துறைமுகத்துக்கு இறங்கிய ரெகோர்தான் பாதை, ரோன் ஆற்றின் மறுகரை புனித ரோமப் பேரரசுக்கு உட்பட்டிருந்த காலத்தில், பிரெஞ்சு மன்னரின் எல்லைக்குள்ளேயே வடக்கையும் மத்தியதரைக் கடலையும் இணைத்த முதன்மை வழியாக விளங்கியது. யாத்திரிகர்களும் சிலுவைப் போராளிகளும் வணிகர்களும் சென்ற இவ்வழியில், ஆழ்ந்த மலையிடுக்கின் விளிம்பில் அமைந்த லா கார்த் கெரேன் என்னும் கோட்டையூரில், பாரியே எனப்பட்ட சிறு பிரபுக்கள் கூட்டாக வாழ்ந்து, பயணிகளிடம் சுங்கம் பெற்றுக்கொண்டு அவர்களுக்கு வழிக்காவல் அளித்தனர். அவ்வூரின் சதுரக் காவற்கோபுரம் இன்றும் நிற்கிறது. அருகே பாறைத் தளத்தில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த இரு பள்ளங்கள் இணையாக ஓடுகின்றன.

எனினும் சக்கர வண்டி செல்லக்கூடிய இடம் செவெனில் குறைவு. கிளை வழிகள் அனைத்திலும் சரக்கைச் சுமந்தது கோவேறு கழுதையே. உப்பும் எண்ணெயும் ஆட்டுத்தோல் பைகளில் நிறைத்த மதுவும் மேலேறின; பாலாடைக்கட்டி, பருப்பு, உலர்ந்த கஷ்கொட்டை ஆகியவை கீழிறங்கின. சுமையேற்றிய விலங்குக்கு வேண்டியது ஒருவர் நீட்டிய கையளவு அகலமும், மூச்சு வாங்காமல் ஏறக்கூடிய சீரான சரிவும், குளம்பு வழுக்காத தரையும்தான். இவற்றைத் தருவதற்காகச் செவென் மக்கள் உருவாக்கிய கல்பாவிய பாதைக்குக் கலாத் என்று பெயர். அதன் அமைப்பு சற்று அருகிருந்து நோக்கத் தக்கது. ஷிஸ்ட் பலகைகளைப் படுக்கையாகப் பரப்பாமல், நூலகத்தில் நூல்களை அடுக்குவதுபோல் விளிம்பு மேலே தெரியுமாறு குத்திட்டு நெருக்கி அடுக்கினர். சுண்ணாம்போ காரையோ கிடையாது, ஒரு கல் மற்றொரு கல்லை இறுக்குவதே பிணைப்பு. பெரிய கற்களைப் பாதையின் இரு ஓரங்களிலும் வரிசையாகப் பதித்து உள்ளேயுள்ளவை நழுவாமல் தடுத்தனர். சில எட்டுகளுக்கு ஒருமுறை, பாதையைச் சாய்வாகக் குறுக்கிட்டுச் சற்றே உயர்ந்து நிற்கும் ஒரு கல்வரிசை வரும். மேலிருந்து ஓடிவரும் மழைநீர் அதில் மோதி, பாதையின் நீளத்துக்கு ஓடாமல் பக்கவாட்டில் சரிவுக்குத் திரும்பிவிடும்.

அந்தச் சாய்ந்த கல்வரிசையே இப்பாதைகளின் உயிர்நாடி. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைவிளிம்பில் முட்டி இலையுதிர்காலத்தில் கொட்டும் மழை இப்பகுதியின் பெயரையே தாங்கி வானிலையியலில் வழங்குகிறது. 1900 செப்டம்பர் இறுதியில் எகுவால் மலையடியிலுள்ள வல்ரோக் ஊரில் சுமார் 10 மணி நேரத்தில் 950 மில்லிமீட்டர் மழை பெய்ததாகப் பதிவாகியுள்ளது. அத்தகைய நீர் ஒரே பருவத்தில் ஒரு பாதையை ஓடையாக்கிவிடும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் இலை விழுந்தபின் வடிகற்களைத் தூர்வாருவதும், சரிந்த அடுக்குவயல் சுவரைத் தூக்கிக் கட்டுவதும் அங்கே விதைப்பும் அறுப்பும்போல வேளாண்மையின் பகுதியாகவே இருந்தன. பாதை என்பது கட்டி முடிக்கப்படும் பொருளன்று, ஆண்டுதோறும் மீண்டும் உழைப்பைக் கோருவது என்பதை இம்மலைவாசிகள் நன்கறிந்திருந்தனர்.

மூன்றாவது வகை வழிகளை அமைத்தது அச்சம். செவென் பள்ளத்தாக்குகள் 16ஆம் நூற்றாண்டிலேயே சீர்திருத்தக் கிறித்தவத்தை, அதாவது கால்வின் வழிவந்த புரொட்டஸ்டன்ட் நெறியைத் தழுவியிருந்தன. அந்நெறியினருக்கு ஓரளவு வழிபாட்டுரிமை அளித்த நான்த் அரசாணையை 1685-ல் மன்னர் 14ஆம் லூயி நீக்கியதும், தேவாலயங்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் நாடு கடத்தப்பட்டனர். வீடுகளில் குதிரைப்படையினரைத் தங்கவைத்து மதம் மாறும்வரை வருத்தும் முறை கையாளப்பட்டது. அதே ஆண்டில் லாங்தோக் மாகாணத்தின் அரசப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்று 1718 வரை நீடித்த நிக்கோலா து லாமுவான்யோன் து பாவில், படை நுழைய முடியாத மலையில் ஆணை செல்லாது என்பதை உணர்ந்து, கழுதைத் தடங்களை அகலப்படுத்திப் பீரங்கியும் வண்டியும் செல்லத்தக்க அரசவழிகளை வெட்டுவித்தார். பள்ளத்தாக்கில் சென்றால் மேலிருந்து கல்லும் குண்டும் விழும் என்பதால் இவ்வழிகளும் மலைமுதுகையே நாடின. பல இடங்களில் த்ராயின் மேலேயே அரசவழி பதிந்தது. சேன் ழான் து கார் ஊரையும் ஃப்ளோராக்கையும் இணைத்து இன்று சுற்றுலாச் சாலையாகப் புகழ்பெற்றுள்ள செவென் கோர்னீஷ் இவ்வாறு உருவான படைவழியே. இருபுறமும் நீல மடிப்புகளாக விரியும் அக்காட்சியைக் கண்டு வியப்போர், அது காட்சிக்காகவன்றிக் கண்காணிப்புக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உயரம் என்பதையும் நினைவில் கொள்ளுதல் நன்று.

அரசவழிகள் எழுந்தபின்னரே போர் வெடித்தது. தார்ன் ஆற்றங்கரையிலுள்ள போன் து மோன்வேர் ஊரில், மலைமக்களைக் கத்தோலிக்க நெறிக்குத் திருப்பும் பணியின் மேற்பார்வையாளராக இருந்த ஷைலா பாதிரியார் தம் இல்லத்திலேயே கைதிகளை அடைத்து வைத்திருந்தார். பூழேஸ் மலைக்காட்டில் கூடிய ஒரு குழு 1702 ஜூலை 24 இரவில் திருப்பாடல்களைப் பாடிக்கொண்டே இறங்கிவந்து, கைதிகளை விடுவித்து அவரைக் கொன்றது. இதைத் தொடர்ந்த கிளர்ச்சியில் ஈடுபட்டோர் கமிசார்கள் எனப்பட்டனர். ரொட்டிக்கடையில் தொழில் பழகிய இளைஞர் ழான் கவாலியே, ரொலான் என அறியப்பட்ட பியேர் லாபோர்த் ஆகியோரின் தலைமையில் சில ஆயிரம் உழவர்களும் கம்பளி நெசவாளரும் ஆட்டு மேய்ப்பரும், ஐரோப்பாவின் பெரும்படையை இரண்டாண்டுகள் அலைக்கழித்தனர். அரசவழிகள் படையினரிடம் இருந்தன. அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் நூற்றுக்கணக்கான கழுதைத் தடங்களும் அடுக்குவயல் ஏணிப்படிகளும் கமிசார்களிடம் இருந்தன. போரின் போக்கே இந்த இருவகைப் பாதைகளுக்கு இடையிலான போட்டியாக இருந்தது என்றால் அது மிகையாகாது. அத்தடங்களைப் பயனற்றதாக்க, 1703-ன் இலையுதிர்காலத்தில் மேல் செவெனின் 466 ஊர்களையும் குடியிருப்புகளையும் எரித்தழிக்கும் நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. 1704-ல் கவாலியே உடன்பட்டு விலகினார், ரொலான் கொல்லப்பட்டார். அதன்பின்னும் மக்கள் காட்டிலும் குகையிலும் மறைவாகக் கூடி வழிபட்டனர். 1787-ல்தான் அவர்களுக்குச் சட்டப்படியான குடிநிலை கிடைத்தது. அக்கூட்டங்களுக்குச் சென்ற வழிகள் எந்த அரச வரைபடத்திலும் இடம்பெறாதவை.

வழியோரத்தில் கூரையிழந்து நிற்கும் ஒவ்வொரு கல்வீட்டையும் 1703-ன் தீயோடு இணைத்துப் பேசும் வழக்கம் பயணிகளிடையே உண்டு. அது பெரும்பாலும் பொருந்தாது. எரிந்த வீடுகளைச் செவென் மக்கள் வெகுவிரைவில் மீண்டும் கட்டினர்; 1709-ன் கொடுங்குளிர் கஷ்கொட்டை மரங்களைப் பட்டுப்போகச் செய்தபோது முசுக்கொட்டையை நட்டுப் பட்டுப்புழு வளர்ப்பில் இறங்கினர். அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் இம்மலை தன் வரலாற்றிலேயே மிக நெருக்கமாகக் குடியேற்றம் பெற்றது. அடுக்குவயல்கள் நம்பமுடியாத உயரத்துக்கு ஏறின. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு தடம் பிறந்தது. இன்று காணப்படும் சிறுபாதைகளில் பெரும்பங்கு அந்தச் செழிப்பின் பிள்ளைகளே. வீழ்ச்சி அதற்குப் பின்னர், சத்தமின்றி வந்தது. 1850-களில் பெப்ரீன் என்னும் நோய் பட்டுப்புழுக்களைக் கொன்றழித்தது. லூயி பாஸ்தர் 1865 முதல் அலெஸ் நகரருகே தங்கி ஆராய்ந்து, நோயற்ற முட்டைகளைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டறிந்தும் பழைய நிலை திரும்பவில்லை. 1870-ல் பாரிசையும் நீம் நகரையும் செவென் வழியாக இணைத்த இரயில்பாதை நிறைவுற, கழுதைக் கூட்டங்களின் தொழில் முடிந்தது. மோன் லொசேரை உள்ளடக்கிய லொசேர் மாவட்டத்தில் 1851-ல் ஏறத்தாழ 1,44,000 பேர் வாழ்ந்தனர். இன்று அதில் பாதியைச் சற்றே மிஞ்சிய அளவினரே வாழ்கின்றனர். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1878-ல் மொதெஸ்தீன் என்னும் கழுதையுடன் 12 நாட்கள் நடந்து, அடுத்த ஆண்டில் நூலாக எழுதிய பயணம், இந்த இறங்குமுகத்தின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. வேலையின் பொருட்டன்றி விருப்பத்தின் பொருட்டு இவ்வழிகளில் சென்றவர்களில் அவர் முன்னோடி. கழுதை வழக்கொழியும் தருணத்தில் கழுதையுடன் சென்றார்.

ஆள் நடமாட்டம் நின்ற பாதை எத்தனை விரைவில் மறையும் என்பதைச் சமவெளியில் வாழ்வோர் எளிதில் கற்பனை செய்ய இயலாது. முதல் சில ஆண்டுகளில் மஞ்சள் பூப்பூக்கும் ஜெனே புதர் ஓரங்களை மூடுகிறது. வடிகல் தூர்ந்து நீர் பாதையின் நடுவே ஓடுகிறது. ஒரு சுவர் சரிந்தால் அதன் கற்கள் வழியை அடைக்கின்றன. ஒரு தலைமுறைக்குள் தடம் காடாகிறது. எகுவால் சரிவுகளில் மட்டும் வேறொரு வளர்ச்சி நிகழ்ந்தது. மிகை மேய்ச்சலாலும் மரவெட்டாலும் வெறுமையாகி வெள்ளத்துக்குக் காரணமான அம்மலையில், வனத்துறை அலுவலர் ஜோர்ஜ் ஃபாப்ர் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பெரும்பரப்பில் காடு வளர்த்தார். 1894-ல் உச்சியில் வானிலை ஆய்வகமும் திறக்கப்பட்டது. மரக்கன்றும் கட்டுமானப் பொருளும் ஏற்றிச் செல்ல வெட்டப்பட்ட, மிதமான சரிவுடைய வனவழிகளே இன்று மிதிவண்டியில் எகுவாலை ஏறுவோருக்குக் கைகொடுக்கின்றன.

மிதிவண்டி இம்மலைகளை அடைய வேண்டுமெனில் முதலில் ஏறக் கற்க வேண்டியிருந்தது. அக்கல்விக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர், வடக்கே சேன்தெத்தியேன் நகரில் பட்டு வணிகம் செய்த போல் து விவி. வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய அவர் (1853–1930), 1887-ல் தொடங்கிய தம் இதழின் வாயிலாக, ஒரே பல்சக்கரம் கொண்ட வண்டியால் மலைநாட்டில் பயனில்லை, ஓடும்போதே சங்கிலியைச் சிறிய பல்சக்கரத்திலிருந்து பெரியதற்கு மாற்றும் அமைப்பே மிதிவண்டியைச் சாமானியருக்கு உரியதாக்கும் என்று பல பத்தாண்டுகள் வாதிட்டார். பந்தய உலகம் அதை வலுவற்றோரின் கருவியென இகழ்ந்தது. பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் அத்தகைய கியர் மாற்றிகளுக்கு 1937-ல்தான் பொது அனுமதி கிடைத்தது. வெற்றியாளரின் புகழைவிட, நடுத்தர உடல்வலு உள்ளவர் ஒரு கணவாயைக் கடக்கும் மகிழ்ச்சியைப் பெரிதாக எண்ணிய வெலோசியோவின் நோக்கே இறுதியில் நிலைத்தது. இன்றைய மலைமிதிவண்டி முழுக்க முழுக்க அந்த நோக்கின் வழித்தோன்றல்.

சாலையை விட்டு இறங்கும் முயற்சியும் பிரான்சுக்குப் புதிதன்று. 1951 முதல் 1956 வரை பாரிஸ் புறநகரைச் சேர்ந்த சுமார் இருபது இளைஞர்கள் ஒரு கழகமாகக் கூடி, தங்கள் மிதிவண்டிகளைக் கரடுமுரடான நிலத்துக்கென மாற்றியமைத்துக் காடுகளில் ஓட்டினர். தொழிற்சாலைகள் அதைக் கண்டுகொள்ளாததால் அம்முயற்சி தொடர்ச்சியின்றி முடிந்தது. 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தனியாக முளைத்த அதே எண்ணம், 1981-ல் தொடங்கிய பெருந்தொழில் உற்பத்தியின் வழியே 1980-களின் தொடக்கத்தில் பிரான்சை அடைந்தது. பிரெஞ்சு மக்கள் அதற்கு எந்நிலத்துக்குமான மிதிவண்டி என்ற பொருளில் வே.தே.தே. என்று பெயரிட்டனர். 1984-ல் தென்கடற்கரையில் ரோக் தாசூர் பந்தயம் தொடங்கியது. அதற்குப்பின் வந்த பந்தய வெற்றிகளும் பதக்கங்களும் தனி வரலாறு. செவெனுக்கு முக்கியமானது வேறு. 1970-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 2011-ல் கோஸ் பீடபூமிகளுடன் சேர்ந்து மேய்ச்சல் பண்பாட்டு நிலக்காட்சியாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இம்மலைக்கு, மறைந்துகொண்டிருந்த தடங்களில் மீண்டும் தொடர்ச்சியாகச் செல்லும் ஒரு கூட்டத்தை மலைமிதிவண்டி கொண்டுவந்து சேர்த்தது. ஒரு முக்கோணமும் இரு வட்டங்களுமாக அமைந்த வழிக்குறிகள், நடைப்பயணிகளுக்கான சிவப்பு வெள்ளைக் கோடுகளுக்கு அருகே மரங்களிலும் கற்களிலும் இடம்பெற்றன.

இவ்வரவு தீங்கற்றதென்று கூறுவதற்கில்லை. கலாத்தின் குத்துக்கற்கள் மேலிருந்து அழுத்தும் குளம்பைத் தாங்கும் விதமாக அடுக்கப்பட்டவை. பின்சக்கரத்தைப் பூட்டிப் பிரேக்கை அழுத்தி இழுத்துக்கொண்டு இறங்கும் வண்டி, கல்லைப் பக்கவாட்டில் அசைத்து இணைப்பைத் தளர்த்துகிறது. வடிகல்லின் மேடு இடையூறாகத் தோன்ற, ஓட்டுநர் அதன் ஓரமாகத் திரும்பிச் சென்றால் அங்கே புதிய பள்ளம் விழுந்து, அடுத்த மழையில் நீர் அந்தப் பள்ளத்தையே தேர்ந்தெடுக்கிறது. ஆயினும் இச்சேதத்தைக் காரணம் காட்டி வண்டிகளை முற்றாக விலக்கக் கோருவோரின் வாதம் ஏற்கத்தக்கதன்று. கல் பெயர்ந்த பாதையைச் செப்பனிடலாம். எவரும் செல்லாத பாதையைச் செப்பனிட எவரும் முன்வரமாட்டார்கள்.

இதில் சட்டத்தின் பங்கும் உண்டு. பிரான்சில் ஊரகப் பாதை எனப்படும் வகையைச் சேர்ந்த தடங்கள் ஊராட்சியின் தனியுடைமையாகவும் பொதுமக்களின் பயன்பாட்டுக்குத் திறந்தவையாகவும் கருதப்படுகின்றன. 1881-ன் சட்டமும் 1959-ன் ஆணையும் அவற்றுக்கு இந்த இரட்டை நிலையை அளித்தன. பொதுச் சாலையைப் போலன்றி, இத்தகைய பாதையை அண்டை நிலத்தார் ஒருவர் வேலியிட்டு 30 ஆண்டுகள் எதிர்ப்பின்றி அனுபவித்துவிட்டால், அனுபோக உரிமையின் பேரில் அது அவருடைய சொத்தாகிவிடக்கூடும். மறுபுறம், மக்கள் அதைப் போக்குவரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதே அது பொதுவழி என்று கொள்வதற்குச் சட்டம் ஏற்கும் அடையாளங்களில் ஒன்று. 2022 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டமொன்று, ஊராட்சி மன்றம் தன் எல்லைக்குட்பட்ட ஊரகப் பாதைகளைக் கணக்கெடுக்கத் தீர்மானித்தால், அக்காலத்தில் இந்த அனுபோகக் கெடு ஓடாமல் நிறுத்தி வைக்கப்படும் என வகைசெய்தது. மக்கள்தொகை சில நூறைத் தாண்டாத மலை ஊராட்சிகளில் அக்கணக்கெடுப்புக்குப் பழைய நிலவரைபடங்களும் முதியோரின் நினைவும் உதவுகின்றன. அவற்றுடன், நேற்றைய மழைக்குப்பின் ஈரமண்ணில் பதிந்த டயர்த் தடமும் இன்னொரு சான்றாக அமையக்கூடும்.